லாக்-இன்: ஒன்றரை ஷிப்ட் வீரன்

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூர் பக்கம் வந்திருக்கீங்களா? ஊரே சம்பளப் பணத்தோட சுத்தும். புரோட்டாக் கடைக்காரர் முகத்தை வச்சே கிழமை சொல்லிடலாம். எங்க பெரியம்மா பையனுக்கும் அன்னைக்குத்தான் சம்பளம். பவர் டேபிளில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி என்கிட்ட வந்து, "டேய், ஆயிரம் ரூபா இருக்குமா? திங்கக்கிழமை சீட்டு கட்டணும்"னான். சம்பளம் வாங்கி நாலு மணி நேரம்கூட ஆகலை! போனை வாங்கிப் பார்த்தா... 89, 89, 159, 89, 449னு வரிசையா யூபிஐ. எல்லாம் ஒரே கேமுக்கு. கூட்டினா எண்ணூத்துச் சொச்சம்.

"ஒரு வாள் வரணும்டா. இன்னும் பத்துப் பெட்டி திறந்தா வந்துரும்."

திட்ட வாயைத் திறந்தேன். அதுக்குள்ள எங்க சின்ன மாமா குறுக்கே வந்துட்டார். "மாப்ள, நாங்களும் ஆடினவங்கதான். ஆனா அப்ப வாளை விக்க மாட்டாங்க. நேரத்தைத்தான் விப்பாங்க."

மாமா சொன்னது 2006 கதை. லெவல் அப் கம்பெனி 'ரக்னராக் ஆன்லைன்' ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்த காலம். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபா கொடுத்து, ரோஸ் கலர் ஜெல்லி மாதிரி ஒரு ஜந்துவை விடிய விடிய அடிப்பாராம். அது பேரு போரிங். (சத்தியமா அதான் பேரு. வேலையும் அப்படித்தான்!) சில கார்டு பத்தாயிரம் தடவை கொன்னா ஒரு தடவை விழுகிற கணக்கு. அந்த நேரத்துலதான் சென்னை சிஃபியும் 'ஏ3'ன்னு ஒரு கொரிய ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அதே சிஃபிக்கு ஊர் ஊரா 'ஐவே' பிரவுசிங் சென்டர் இருந்ததை ஞாபகம் வச்சுக்கோங்க. மணிக்கணக்குல காசு வாங்கறவனுக்கு, மணிக்கணக்கை விழுங்கற ஆட்டம் கசக்குமா?

அமெரிக்காவுல மணிக்கணக்கு இல்லை, மாசக்கணக்கு. 2004-ல வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாசம் 14.99 டாலர். அன்னைக்கு மதிப்புல கிட்டத்தட்ட 670 ரூபா. 2010-ல அதுக்கு 1.2 கோடி சந்தாதாரர்கள். பெரிய பாஸை வாரத்துக்கு ஒரு தடவைதான் கொல்ல முடியும். அடுத்த சட்டைக்கு அடுத்த வாரம் வா! நீ சீக்கிரம் முடிச்சுட்டா சந்தா போயிடுமே.

நம்ம ஊர் பாஷையில அது ஷிப்ட் சம்பளம். வேலை இழுக்க இழுக்க லாபம். பீஸ் ரேட்டுன்னா தலைகீழ்: எத்தனை பீஸ் வெளியே போகுதோ அத்தனை காசு. இங்க ஒரே வித்தியாசம், சம்பளம் வாங்கறது கேம் கம்பெனி, கொடுக்கறது நாம.

பீஸ் ரேட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டவங்கள்ல கொரியாவின் நெக்ஸான் முக்கியமானது. 1999-ல வந்த அதோட 'க்விஸ்க்விஸ்' ஆட்டம் சந்தாவுல ஓடலை. சரி, ஆட்டம் இலவசம், பொருளுக்குத்தான் காசுன்னு மாத்தினாங்க. 2003-ல வந்த 'மேப்பிள் ஸ்டோரி' அதே வழியில கல்லா கட்டுச்சு. ஓசியில நுழையலாம், சலிப்பு வரும், சலிப்பைத் தாண்ட காசு. அதாவது சலிப்பையும் அவங்களேதான் தைக்கணும்!

சீனாவுல 2006-ல வந்த 'செங்தூ' இதை உச்சிக்குக் கொண்டு போச்சு. காசு கொடுத்துச் சாவி வாங்கிப் பெட்டி திறக்கணும். அன்னைக்கு அதிகமா பெட்டி திறந்தவனுக்குத் தனிப் பரிசு வேற. இன்னொரு கூத்து, தொடர்ந்து ஆடற சாதா ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்குள்ளயே சம்பளம் கொடுத்தாங்க. எதுக்கு? காசு போட்டு வாள் வாங்கினவனுக்கு வெட்ட ஆள் வேணுமே! ஓசியில ஆடறவன்தான் அங்க சரக்கு. கம்பெனி அடுத்த வருஷமே நியூயார்க் பங்குச்சந்தையில ஏறிடுச்சு.

இந்தப் பெட்டி வியாபாரத்தை 2018-ல பெல்ஜியம் சூதாட்டம்னே சொல்லிடுச்சு. எத்தனைக்கு எத்தனை விழும்னு எழுதி வைக்கணும்னு 2017-ல சீனாவும், பின்னாலேயே ஆப்பிளும் சொன்னதால, இப்ப நிறைய கேம்ல அந்தக் கணக்கு எங்கேயோ ஒரு மூலையில பொடி எழுத்துல இருக்கும். அண்ணனோட கேமிலும் தேடிப் பிடிச்சேன். வாள் விழ வாய்ப்பு 0.5%.

"அண்ணா, 200 பீஸ் தைச்சா ஒரு பீஸ்தான் செக்கிங்ல பாஸ்னு சொன்னா அந்தக் கம்பெனிக்குப் போவியா?"

யோசிச்சான். "அப்ப 200 பெட்டி திறந்தா வந்துரும்ல?"

இன்ஜினீயரிங் கணக்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு உதவட்டும்னு பேப்பர் எடுத்தேன். ஒவ்வொரு பெட்டியும் புதுசா குலுக்கறது. பழைய பெட்டியை அது ஞாபகம் வச்சுக்காது. பத்துப் பெட்டிக்கு வாய்ப்பு 5% கூட இல்லை. 200 திறந்தாலும் 63% தான். நூறு பேர் அப்படித் திறந்தா 37 பேர் வெறுங்கையோட போவாங்க. பேப்பரையே கொஞ்ச நேரம் பார்த்தான். "முப்பத்தேழு பேரா...?"

சீட்டுக்கு ஆயிரம் கொடுத்துட்டேன். கேமை அவன் அழிக்கலை. அடுத்த சனிக்கிழமை சம்பளத்தை நேரா பெரியம்மா கையில கொடுத்துட்டு, போனோட வந்து உட்கார்ந்தான்.

"இனிமே ஓசியிலதான்டா ஆடுவேன்."

"அப்ப நீதான் சரக்கு"ன்னேன்.

முறைச்சான். ஆயிரம் இன்னும் வரலை.