‘சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே!’

கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போவதை நம் குடும்பங்கள் ஓய்வு என்கின்றன. யாருடைய ஓய்வு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மூன்று நாள் சுற்றுலா அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று நாள்தான். அம்மாவுக்கு அது ஒரு வாரம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே புளிக்காய்ச்சல் கிளறுவதில் தொடங்குகிறது. திரும்பி வந்தபின் சேறு படிந்த சாக்ஸையும் ஈர ஸ்வெட்டரையும் துவைத்து மடித்து அலமாரியில் வைக்கும்போதுதான் முடிகிறது.

அவள் கட்டும் பையைத் திறந்து பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் சின்னவளுக்கு எலுமிச்சம்பழம், காகிதப் பை. கீழே வெயில் கொளுத்தும்போதே மேலே குளிரும் என்று நினைத்து எடுத்த குரங்குக் குல்லாய். போன வருட ஸ்வெட்டர் பெரியவனுக்குப் பத்தாது என்று தெரிந்து நாத்தனார் வீட்டில் கேட்டு வாங்கிய ஸ்வெட்டர். காய்ச்சல் மருந்து, அதை அளந்து ஊற்றும் மூடி, மாமியாரின் பிரஷர் மாத்திரை, புல்வெளியில் விரிக்கப் பழைய போர்வை, பந்து. எல்லாவற்றுக்கும் அடியில், தேதியை எண்ணிப் பார்த்து அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட நாப்கின். ‘இப்படி ஆனால் என்ன செய்வது’ என்று ஒருத்தி தனியாக உட்கார்ந்து யோசித்ததன் விடைகள் இவை.

இந்த யோசனை வேலையா, இல்லையா? அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிஞ்சர் 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019இல் வெளியிட்ட கட்டுரையில், இதுவும் வேலைதான் என்று எழுதினார். அதை நான்காகப் பிரித்தும் காட்டினார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, எல்லாம் நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதைத் தம்பதிகள் பெரும்பாலும் சேர்ந்தே செய்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும்தான் பெண்கள் தலையில் கூடுதலாக விழுந்தன.

நம் வீடுகளும் அப்படித்தான். ஊட்டியா கொடைக்கானலா, எந்த விடுதி என்று பேச எல்லோரும் கூடுவார்கள். 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நிமிடங்களில் முடியும் அந்த வேலையை அப்பா செய்தால், வழி முழுக்க ‘பாஸ் நான்தான் எடுத்தேன்’ என்று கேட்கலாம். ஸ்வெட்டரை நினைவில் வைத்தவளின் பெயர் எங்கும் வராது. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. மலைக்கு நல்லதுதான். ஆனால் பாட்டிலுக்கும் காகிதத்தட்டுக்கும் பதிலாக எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்து வைப்பது யார்? விடுதிக் குழாயில் அவற்றைக் கழுவுவது யார்? மலையைக் காக்கும் பொறுப்பும் அவள் பைக்குள்ளேயே போய்ச் சேர்கிறது.

ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 88 நிமிடம். இந்த 88கூட வீட்டு வேலை செய்யும் ஆண்களின் சராசரிதான். தொடவே தொடாதவர்கள் அதில் இல்லை. ஒரு நாளை அரை மணி அரை மணியாகப் பிரித்து என்ன செய்தீர்கள் என்று கேட்கும் கணக்கு அது. பேருந்தில் நின்றபடி ‘மருந்து தீர்ந்துபோச்சே, வாங்கணுமே’ என்று அவள் நினைத்தது அதில் பயணமாகத்தான் பதிவாகும்.

‘சொன்னா செய்ய மாட்டேனா?’ என்பார்கள். சொல்வதுதான் வேலையே. என்ன வேண்டும் என்று நினைத்து, பட்டியல் போட்டு, சொல்லி, செய்தாயிற்றா என்று பார்க்கும் இடத்தில் அவள் இருக்கிறவரை அவர் உதவியாள்தான். ஆனால் மலையுச்சியில் பிள்ளை நடுங்கினால் அந்த உதவியாளே விசாரணை அதிகாரியாகிவிடுவார்: ‘ஸ்வெட்டர் எடுத்து வைக்கலையா நீ?’

‘அவர் வண்டி ஓட்டுகிறாரே’ என்றும் சொல்வார்கள். ஓட்டுவது களைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டியை நிறுத்தினால் அந்த வேலை முடிந்துவிடும். இவள் வேலை அப்போதுதான் தொடங்கும். ‘பொம்பளைங்களுக்குத்தான் இதெல்லாம் நல்லா வரும்’ என்பது இன்னொரு வாதம். சபரிமலைக்குப் போக நெய்த்தேங்காய் முதல் கற்பூரம் வரை ஒன்றும் விடாமல் இருமுடி கட்டத் தெரிந்த கைக்கு, குழந்தையின் பை மட்டும் எப்படிக் கட்ட வராமல் போனது? வராதது திறமையால் இல்லை. மறந்தால் தன்னை யாரும் கேட்கப்போவதில்லை என்ற தைரியத்தால்தான்.

ஆகவே உதவி கேட்பதை நிறுத்துவோம். பொறுப்பை முழுசாகக் கொடுப்போம். மருந்தும் குளிருடையும் அவருடையவை என்றால், நினைப்பதும் வாங்குவதும் சரிபார்ப்பதும் அவருடையவை. நாம் பின்னால் நின்று பட்டியல் படிக்கத் தேவையில்லை. மாத்திரையை மறந்தால் மருந்துக்கடையைத் தேடி ஓடுகிறவரும் அவராகவே இருக்கட்டும். பத்து வயதுப் பையன் தன் துணியைத் தானே அடுக்கட்டும். அக்காவை இரண்டாவது அம்மாவாக்கி அந்த வேலையை அவளிடம் தள்ள வேண்டாம்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை வீட்டோடு வெளியூர் கிளம்பும்போது, தம்பி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, ‘அவன் பையையும் கொஞ்சம் பாரேன்மா’ என்று குரல் வரும். பாசமாகத்தான் வரும். அந்தப் பையை அவன் மடியில் கொண்டுபோய் வையுங்கள். அம்மா எழுந்து வந்தால் அவரையும் உட்காரச் சொல்லுங்கள்.