துரும்பும் தாலியும்: சின்னத்திரை காட்டாத பிரிவு

தொடர்களில் விவாகரத்து வரும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். வக்கீல் நோட்டீஸ் வரும். அதைப் பிரித்த கை நடுங்கும். கேமரா மூன்று முறை தாலியின் மேல் போய் நிற்கும். அடுத்த வாரம் நீதிமன்றம், அதற்கடுத்த வாரம் தீர்ப்பு. இல்லையென்றால் கடைசி நிமிடத்தில் கணவன் மனம் மாறி, குடும்பம் 'காப்பாற்றப்படும்'. பிரிவு ஒரு விபத்து, பெண் பொறுத்துப்போனால் அதைத் தடுத்திருக்கலாம் என்பதே பாடம்.

விஜய் தொலைக்காட்சியில் 2020 முதல் 2025 வரை ஓடிய 'பாக்கியலட்சுமி' இதிலிருந்து கொஞ்சம் விலகியது. கணவன் கோபி விவரம் சொல்லாமலேயே விவாகரத்துத் தாள்களில் கையெழுத்து வாங்குகிறான். உண்மை தெரிந்த பாக்கியா அவன் காலில் விழவில்லை. விவாகரத்தைக் கொடுத்துவிட்டுச் சமையல் தொழிலில் காலூன்றுகிறார். வீட்டுக் கூடங்களில் இதைப் பெண்கள் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கதையின் பெரும்பகுதியில் முன்னாள் கணவனின் பெற்றோரையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மனைவி என்ற இடம் போன பிறகும் 'நல்ல மருமகள்' என்ற வேலை போகவில்லை. பிரிந்த பெண்ணைப் பார்வையாளர்கள் ஏற்க அந்த நற்சான்றிதழ் தேவைப்படுகிறது.

வெளியே நடப்பது வேறு. பரஸ்பர சம்மதம் என்றாலே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்டபின் மேலும் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் மறுத்துவிட்டால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் பெண்களிடம் அந்த 60 நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், பிள்ளையை யாரிடம் விட்டுவருவது என்ற கவலையும் சேரும்.

அந்த வராந்தா வரைக்கும் வராதவர்களே அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்துப் பெற்ற பெண்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் 'பிரிந்து வாழும்' பெண்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போன ஊரிலேயே அவன் இன்னொரு குடும்பம் வைத்திருப்பான். கல்யாணம் பதிவாகியிருக்காது, முறிந்ததற்கும் தாள் இருக்காது. கைவிடப்பட்ட பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதை வாங்க 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்தோ, பிரிந்து வாழ்வதற்கான நீதிமன்றச் சான்றோ இல்லாவிட்டால், கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். 24 வயதில் கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்பியவளுக்கு இதில் இடமில்லை. எந்தத் தொடரிலும் அவள் கதாநாயகி இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் சாதியைப் பேச வேண்டியிருக்கிறது. 'அறுத்துக்கட்டுகிற சாதி' என்ற வசவைக் கேட்டிருப்பீர்கள். ஒத்துவராத உறவைத் தீர்த்துவிட்டு மறுமணம் செய்துகொள்ளும் வழக்கம் உழைக்கும் சமூகங்கள் பலவற்றில் இருந்தது. சில இடங்களில் ஊர் முன்னால் துரும்பைக் கிள்ளிப்போட்டால் உறவு முடிந்தது. அந்த ஊர்க்கூட்டங்களும் ஆண்களின் கூட்டங்கள்தான். நான் அவற்றுக்கு மகுடம் சூட்டவில்லை. ஆனால் வெளியேற வழி இருந்ததே இழிவின் அடையாளமாக்கப்பட்டது. தாலி கட்டினால் சாகும்வரை என்பது 'உயர்ந்த' பண்பாடானது.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. சாதி நிற்பது அகமணத்தின் மேல். அகமணத்தைக் காக்கவே உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை வந்தன. மேலே இருப்பவர்களைப் பார்த்து மற்றவர்களும் அவற்றைப் போலச் செய்தார்கள். அன்று அதைப் பரப்பச் சடங்குகள் இருந்தன. இன்று இரவு எட்டு மணித் தொடர் இருக்கிறது. துரும்பு கிள்ளிய பாட்டியின் பேத்தி, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாயகியைப் பார்த்துத் தன் வாழ்க்கையைக் குறைவாக எடைபோடுகிறாள்.

இத்தனைக்கும் நம் இயக்க வரலாறு வேறு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு விவாகரத்து உரிமை கேட்டது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டபோது, 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியையே விட்டு வெளியேறினார். அந்த மசோதாவில் விவாகரத்து உரிமையும் இருந்தது.

ஆனால் நம் தோழர்கள் வீட்டில் ஒரு மணம் முறிந்தால் என்ன செய்கிறோம்? சாதி மறுப்புத் திருமணத்துக்கு மேடை போடுகிறோம், மாலை எடுத்துக் கொடுக்கிறோம். அது ஒத்துவராமல் போனால், 'எதிரிகள் சிரிப்பார்கள், சகித்துக்கொள்' என்கிறோம். நாடகக் காதல் என்று கூவுகிறவர்களுக்குப் பயந்து ஒரு பெண்ணை அடிவாங்கச் சொல்வது சுயமரியாதை ஆகாது. தாய்வீட்டுக் கதவு ஏற்கெனவே அடைபட்டவள் அவள். நாமும் கதவைச் சாத்தினால் அவள் எங்கே போவாள்?

திருமணம் ஒப்பந்தம் என்று நாம் சொல்கிறோம். ஒப்பந்தம் என்றால் முடித்துக்கொள்ளும் உரிமையும் அதில் சேர்ந்ததுதான். மணமேடை போடும் அமைப்புகள் வழக்கறிஞரையும், ஆறு மாதம் தங்க ஓர் அறையையும், ஒரு வேலையையும் ஏற்பாடு செய்து தரட்டும். இயக்க மேடைகளில் மறுமணங்கள் முதல் மணங்களைப்போலவே பறையடித்து நடக்கட்டும். தொடர் எழுதப் போகும் இளம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாலியின் மேல் நிற்கும் கேமராவை வாய்தாவுக்குக் காத்திருப்பவளின் பக்கம் திருப்புங்கள். அவளிடம் சொல்வதற்கு நிறையக் கதை இருக்கிறது.