முள் நடுவிலேயே இருக்கட்டும்

2024 மே மாதம் போர்ஷே தன் 911 காரைப் புதுப்பித்து வெளியிட்டபோது எல்லோரும் அதன் ஹைப்ரிட் எஞ்சினைப் பற்றியே எழுதினார்கள். எனக்கு வேறொரு செய்தி பெரிதாகப் பட்டது. 1964-ல் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து அந்தக் காரின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வட்டங்களின் நட்டநடுவில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக, எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் இருந்து வந்தது. எஞ்சின் காற்றுக் குளிர்ச்சியிலிருந்து தண்ணீர்க் குளிர்ச்சிக்கு மாறியபோதும் அது இடம் மாறவில்லை. 2018-ல் பக்கத்து வட்டங்களைத் திரையாக்கியபோதுகூட நடு முள்ளை மட்டும் விட்டுவைத்தார்கள். இப்போது அதுவும் போய்விட்டது. 12.6 அங்குலத்தில் வளைந்த திரை ஒன்று வந்திருக்கிறது. கேட்டால் அதில் பழைய வட்டங்கள் படமாக வரும். வேறு படம் கேட்டால் அதுவும் வரும்.

நான் கோவையில் மீட்டர் பழுது பார்ப்பவன். லாரி, டிராக்டர், பழைய ஃபியட், புல்லட் என்று முள் உள்ள எதுவும் என் மேஜைக்கு வரும். நம் நாட்டு பைக்குகளில் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் காட்டும் மீட்டர்களில் ஏராளமானவை இங்கே பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் ஆலையில் பிறந்தவை. அந்த ஊர்க்காரன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் காரில் நடுவில் நிற்க வேண்டியது ஆர்.பி.எம். முள். அதை எடுத்தது தவறு.

ஏன் ஆர்.பி.எம்.? வேகத்துக்கான காரில் ஸ்பீடோமீட்டரல்லவா பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். சுத்தமான பந்தயக் கார் பலவற்றில் ஸ்பீடோமீட்டரே கிடையாது. வளைவுக்குள் 94-ல் நுழைந்தோமா 97-ல் நுழைந்தோமா என்பதை டயர் சொல்லும், உடம்பு சொல்லும். எஞ்சின் தன் முழு பலத்தைத் தரும் இடத்தில் இருக்கிறதா, இன்னும் எத்தனை நொடியில் அதன் எல்லையான சிவப்புக் கோட்டைத் தொடும், கீழ் கியர் போட்டால் தாங்குமா என்பதையெல்லாம் சொல்லக்கூடியது ஆர்.பி.எம். ஒன்றுதான்.

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில் அங்கே கார் ஓட்டிய பெரியவர் ஒருவர் தன் பழைய மீட்டரைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். டயல் கோணலாக இருந்தது. எண்கள் சாய்ந்து, பூஜ்யம் எங்கோ ஓரத்தில் கிடந்தது. நேராக்கித் தரட்டுமா என்றேன். "வேண்டாம் தம்பி, வேணும்னுதான் திருப்பி வெச்சேன். முள்ளு செங்குத்தா நின்னா கியரை மாத்தணும். எண்ணைப் பார்க்க அங்க ஏது நேரம்?" என்றார். உலகம் முழுக்கப் பந்தய மெக்கானிக்குகள் செய்துவந்த வேலை அது. சிவப்புக் கோடு உச்சியில் வரும்படி மீட்டரையே சுழற்றிப் பொருத்திவிடுவார்கள்.

அந்தப் பெரியவர் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எண்ணை வாசிக்க வேண்டும். முள்ளை வாசிக்க வேண்டியதில்லை. பார்வை சாலையில் இருக்கும்போதே முள்ளின் சாய்வு கண்ணின் ஓரத்தில் பட்டுவிடும். அது எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதும் கூடவே தெரியும். 5,400, 5,900, 6,300 என்று எண்கள் புரண்டால் நமக்குத் தெரிவது வெறும் புரளல். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. கண்ணை இறக்கி, எண்ணைப் படித்து, மறுபடி ஏற்றுவதற்குள் ஒரு லாரியும் அதன் பின்னால் வந்த பஸ்ஸும் சேர்ந்த நீளத்தைக் கார் கடந்துவிடும்.

இதை அமெரிக்கர்கள் ஒருமுறை அனுபவித்தே கற்றார்கள். 1984 மாடல் ஷெவ்ரலே கார்வெட்டில் முள்ளே இல்லாத டேஷ்போர்டு வந்தது. வேகம், ஆர்.பி.எம். எல்லாம் எல்.சி.டி. எண்களும் வண்ணப் பட்டைகளும். எதிர்காலம் வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். 1990 மாடலில் டேஷ்போர்டை மாற்றியபோது ஆர்.பி.எம்.முக்கு முள் திரும்பி வந்தது. வேகம் மட்டும் எண்ணாகவே நின்றது. என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது ஏற்பாடுதான் சரி. நாம் வேகத்தைப் பார்ப்பது பெரும்பாலும் சட்டத்துக்காக. சென்னை நகருக்குள் காருக்கு 60 என்று 2023-ல் போக்குவரத்துக் காவல்துறை வரம்பு வைத்தது. 58-ல் போகிறேனா 63-ல் போகிறேனா என்பதற்கு எண்தான் தெளிவான பதில். 240 வரை குறித்த டயலில் 60-க்கு உட்பட்டது மொத்த வீச்சில் கால்பங்கு. நாம் வாழ்நாளெல்லாம் ஓட்டும் வேகம் அந்த இடுக்கில் கிடக்கிறது. மீதி முக்கால்பங்கு காட்சிக்கு.

தவிர, ஸ்பீடோமீட்டர் முள் பெரும்பாலும் முழு உண்மை சொல்வதில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39-ஆம் விதிப்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. பத்து சதவீதமும் மேலே 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம். 100-ல் போகிறவருக்கு 114 என்று காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. பாதுகாப்புக்காக வைத்த இடைவெளி அது, எனக்கு அதில் குறையில்லை.

வேகத்துக்கு எண், எஞ்சினுக்கு முள் என்ற இந்த ஏற்பாடு 911-லேயே இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த 996 தலைமுறையிலிருந்து நடு ஆர்.பி.எம். வட்டத்துக்குள்ளேயே, முள்ளுக்குக் கீழே, வேகம் எண்ணாக ஒளிர்ந்தது. இடப்பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீடோமீட்டரை யாரும் உற்றுப் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. கால் நூற்றாண்டு ஓடித் தேர்ந்த அமைப்பைக் கைவிட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

திரை என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. லெக்சஸ் எல்.எஃப்.ஏ. என்று ஒரு கார் இருந்தது. 2010 முதல் 2012 வரை 500 மட்டுமே செய்தார்கள். அதன் வி10 எஞ்சின் சும்மா நிற்கும் நிலையிலிருந்து 9,000 சுற்றுக்கு 0.6 நொடியில் ஏறிவிடும். முள்ளால் அத்தனை விரைவாகப் பின்தொடர முடியாது என்பதால்தான் திரையைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதும் அந்தத் திரையில் வரைந்தது ஒரே ஒரு பெரிய வட்டம், நடுவில். எஞ்சினுக்காகத் திரை வந்தது அங்கே. இன்று திரைக்காக எஞ்சின் ஒதுங்கி நிற்கிறது.

பி.எம்.டபிள்யூ 2000-ல் கொண்டுவந்த இ46 எம்3 காரின் ஆர்.பி.எம். மீட்டரை நான் படத்திலும் வீடியோவிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், சலிக்கவில்லை. எண் வரிசையைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேல் வரிசை விளக்குகள் எரியும். அதற்குமேல் போகாதே என்று பொருள். ஆயில் சூடேற ஏற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் 8,000 வரை வழி திறக்கும். குளிர்ந்த ஆயிலில் எஞ்சினை விரட்டக் கூடாது என்பதை எத்தனை பேருக்கு நான் வாயால் சொல்லித் தோற்றிருக்கிறேன்! ஒரு மீட்டர் அதைப் பேசாமல் சொல்லிக் கொடுத்தது. அதே நிறுவனத்தின் புதிய திரைகளில் ஆர்.பி.எம். வலப்பக்க விளிம்பில், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஏறுகிறது. இடப்பக்க வேகப் பட்டையோடு பார்க்கச் சமச்சீராக இருக்கும். ஓட்டுகிறவருக்கு அதனால் என்ன பயன் என்று எனக்கு யாரும் விளக்கியதில்லை.

நம் ஊரில் ஸ்போர்ட்டி என்று விற்கும் கார்களுக்கு வருகிறேன். சீட்டில் சிவப்பு நூல், பின்னால் ஒரு பட்டை, பெடலில் அலுமினியத் தகடு. ஆர்.பி.எம். எங்கே என்று தேடினால் திரையின் ஓரத்தில் குச்சி போல ஒரு கோடு. சிலவற்றில் மேப்பை விரித்தால் அதுவும் மறைந்துபோகிறது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அக்கா மகளுக்கு மலை இறங்கச் சொல்லிக் கொடுத்தது அங்கேதான், இரண்டு வட்ட மீட்டர் கொண்ட பழைய ஹாட்ச்பேக்கில். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்க வேண்டும். "மாமா, முள்ளு மூணைத் தாண்டுதுங்க" என்றாள் ஓர் இடத்தில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "தாண்டட்டும் சாமி, நாலு வரைக்கும் விடு, அதுக்கு மேல மட்டும் லேசா பிரேக்கத் தொடு" என்றேன். பாதி மலை இறங்குவதற்குள் அவளுக்கு நான் தேவைப்படவில்லை. இந்தப் பாடத்தை ஓரத்துக் குச்சியை வைத்து எப்படி நடத்துவது?

இதைவிட எனக்குக் கோபம் வருவது வெப்பநிலை மீட்டர் விஷயத்தில். பல கார்களில் அதை எடுத்தே விட்டார்கள். குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்துவிட்டால் சிவப்பு விளக்கு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. மே மாத வெயிலில், ஆள் நிறைத்து, ஏ.சி. போட்டு மலை ஏறுகிறவருக்கு அந்த நடுப்பகுதிதான் வேண்டும். முள் பாதியைத் தாண்டி நகரும்போதே ஏ.சி.யை அணைத்து ஓரங்கட்டுகிறவருக்கு எஞ்சின் பிழைக்கும். சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்துகிறவர் பல நேரம் ஹெட் கேஸ்கெட்டுக்குப் பணம் கட்டுகிறார்.

தொழில்காரனாக இன்னொன்று. 1902-ல் ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற சுழல் மின்னோட்ட ஸ்பீடோமீட்டர் நூற்றாண்டின் இறுதிவரை ஓடியது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அது பக்கத்து உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். மெல்லிய சுருள் கம்பி திருப்பி இழுக்கும். இரண்டின் சமநிலையில் முள் நிற்கும். முள் துடித்தால் கேபிள் காய்ந்திருக்கிறது என்று பொருள், எண்ணெய் விட்டால் அடங்கும். பின்னால் வந்த மின்னணு மீட்டரிலும் முள்ளைத் திருப்பும் சின்ன மோட்டாரை மாற்றிவிடலாம். திரை போனால் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். பத்து வருடம் ஓடிய கார்க்காரரை அந்தத் தொகையைச் சொல்லித் திருப்பி அனுப்புவது எனக்குப் பிடித்த வேலையல்ல.

எலக்ட்ரிக் காரில் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அங்கே சிவப்புக் கோடு இல்லை. ஹூண்டாய் 2023-ல் அயானிக் 5 என் காரில் எட்டு கியர் இருப்பது போன்ற உணர்வையும் அதற்கேற்ற ஆர்.பி.எம். வட்டத்தையும் மென்பொருளில் உருவாக்கியது. வளைவுக்குள் நுழையும் வேகத்தை எஞ்சின் சத்தத்தால் அளந்து பழகியவர்களுக்கு அது உதவக்கூடும், தள்ளிவிட மாட்டேன். நானாக இருந்தால் நடுவில் வேறொரு முள் வைப்பேன்: வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து எவ்வளவு எடுக்கிறோம், இடப்பக்கம் சாய்ந்தால் எவ்வளவு திரும்பச் சேர்கிறது.

முள் இன்று பணக்காரர்களிடம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. 2024-ல் அறிமுகமான புகாட்டி டூர்பியோனில் சுவிஸ் கடிகாரக் கலைஞர்கள் டைட்டானியமும் ரத்தினக் கற்களும் சேர்த்து 600-க்கும் மேற்பட்ட பாகங்களால் மீட்டர் செய்திருக்கிறார்கள். 12,100 சுற்று வரை போகும், கார் வடிவமைப்பாளர் கார்டன் மரேயின் டி.50 காரிலும் ஓட்டுநருக்கு நேர் முன்னால் நிஜ முள்தான். அவர்களுக்குத் தெரிந்தது பத்து லட்சம் ரூபாய் கார் செய்கிறவர்களுக்கும் தெரியும். கல்லும் டைட்டானியமும் நமக்கு வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் முள் போதும். அதுவும் முடியாதென்றால், எந்த மோடுக்குப் போனாலும் அழியாத ஒரு வட்டத்தைத் திரையின் நடுவில் வரையுங்கள், அதற்குள் வேகத்தை எண்ணாகப் போடுங்கள், பக்கத்தில் பெட்ரோலும் வெப்பமும்.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போகிறவர்கள் உச்சி வெயிலில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். மேப்பை விரிக்கச் சொல்லுங்கள், பாட்டைப் போடச் சொல்லுங்கள். பிறகு, எஞ்சின் இப்போது எத்தனை சுற்றில் ஓடுகிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று சாலையைப் பார்த்தபடியே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதை விற்பனையாளரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.