மீன் தொட்டிக்கும் வேண்டும் வெப்பமானி

பிறந்த நாள் பரிசாகக் கண்ணாடித் தொட்டியும் நான்கைந்து வண்ண மீன்களும் தருவது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. கூழாங்கற்கள், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடும் பொம்மைச் சிப்பி எல்லாம் வாங்குகிறோம். வெப்பமானியை மட்டும் வாங்குவதில்லை. கேட்டால், "நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? வெப்ப நாட்டு மீன்கள்தாமே!" என்கிறார்கள். தோழியரே, இந்த விடையை என்னால் ஏற்க இயலவில்லை.

கடையில் நீந்துபவை யாவும் வெப்ப நாட்டு மீன்கள் அல்ல. தங்கமீன் சீனத்திலிருந்து வந்த கெண்டைக் குடும்பத்து மீன். 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்ந்த நீரே அதற்கு இதம். அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த டிஸ்கஸ் மீனுக்கோ 28 முதல் 30 டிகிரி வேண்டும். ஏஞ்சல் மீனுக்கு 24 முதல் 28 டிகிரி ஏற்றது. அதே தென் அமெரிக்காவைச் சேர்ந்த நியான் டெட்ராவுக்கு 21 முதல் 26 போதும். தங்கமீனையும் ஏஞ்சலையும் ஒரே தொட்டியில் விட்டால் எந்த வெப்பத்தை வைப்பது? நடுவில் ஓர் அளவை வைத்தால் இரண்டுக்குமே நீதி செய்தவர்களாக மாட்டோம்.

நம்மைப் போல் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் ஆற்றல் இம்மீன்களுக்கு இல்லை. நீரின் வெப்பம் எவ்வளவோ, ஏறக்குறைய அதுவே அவற்றின் உடல் வெப்பம். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் சிறு தொட்டி விரைவில் குளிர்ந்துவிடும். காலையில் அதன்மேல் ஜன்னல் வெயில் விழும். இந்த ஏற்ற இறக்கத்தால் மீன் வலுவிழக்கிறது. உப்புத் தூவினாற்போல் உடலெங்கும் தோன்றும் வெண்புள்ளி நோய் இத்தகைய வேளையில்தான் எளிதில் பற்றுகிறது. "தண்ணீர் சரியில்லை" என்று சொல்லி நாம் முழு நீரையும் மாற்றி, இன்னுமொரு அதிர்ச்சி தருகிறோம்!

சித்திரை, வைகாசி மாதங்களில் தொல்லை வேறு விதம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் ஏற ஏற மீனின் தேவையோ கூடுகிறது. ஆகவே அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நம் வீட்டுக் குழந்தைகள் அதை மீன் முத்தமிடுகிறது என்று கைதட்டி மகிழ்கிறார்கள். ஐஸ் கட்டியைப் போட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியும் ஆபத்தே. மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்றுப் படச் செய்தால் நீர் ஆவியாகி மெல்லக் குளிரும். காற்று பம்பை நிறுத்தக் கூடாது.

உதகை, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் வெப்ப நாட்டு மீன் வளர்ப்போருக்கு மின்சார ஹீட்டர் இன்றியமையாதது. தொட்டிக்குள் கையை விடுமுன் அதன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் தயவுசெய்து கவனிக்க.

கடைக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விலையை எழுதும் அட்டையிலேயே அந்த மீனுக்கு ஏற்ற வெப்ப அளவையும் எழுதி வைக்கலாகாதா? அதுவரை, பணம் கொடுக்குமுன் நாமே கேட்டுத் தெரிந்துகொள்வோம். வீட்டுக்கு வந்ததும் மீனை உடனே கொட்டிவிடாமல், பையோடு கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்க விடுவோம்.