சிப்பாய்க்கும் பெயர் உண்டு

“தாத்தா பட்டாளத்தில் இருந்தாராம். எந்தப் பட்டாளம், எங்கே சண்டை போட்டார் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? கர்னல், மேஜர் என்றால் எழுதி வைத்திருப்பார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு என்ன ஆவணம் இருக்கும்?”

பட்டாளத்துக்காரர் வாழ்ந்த வீடுகளில் இந்தப் பேச்சு மாற்ற முடியாத தீர்ப்பாகவே நிலைத்துவிட்டது. அது தவறான தீர்ப்பு. கேடும் செய்கிற தீர்ப்பு. ஆவணம் இல்லை என்று முடிவுகட்டிய வீட்டில்தான் பரண்மேல் கிடந்த மெடல் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போகிறது. டிரங்குப் பெட்டியில் இருந்த டிஸ்சார்ஜ் சான்றிதழைக் கரையான் தின்கிறது.

இந்த நம்பிக்கை வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. தமிழகத்தின் பல ஊர்களில் முதல் உலகப்போர் நினைவுக்கல் ஒன்று நிற்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று அது சொல்லும். போனவர் பெயர் ஒன்றுகூட இருக்காது. இராக்கின் பாஸ்ரா நினைவகத்தில் அதே போரில் இறந்த 40,000-க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். இந்தியப் படையின் அதிகாரிகளுக்கு அங்கே பெயர் பொறித்தவர்கள், சிப்பாய்களை ரெஜிமென்ட் வாரியாக வெறும் எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். இந்தப் பாகுபாட்டைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

ஆனால், கல்லில் பெயர் இல்லாததால் எங்குமே இல்லை என்று நாமும் நம்பினால், அந்த அவமதிப்புக்கு நாமே கையெழுத்துப் போட்டதாகிவிடும். படை என்பது கணக்கில் ஓடுவது. சம்பளம், வீட்டுக்கு அனுப்பும் பணம், மெடல், ஓய்வூதியம் ஒவ்வொன்றுக்கும் ஆளின் பெயரும் எண்ணும் வேண்டும். சிப்பாயை மதிக்காத அரசுக்கும் அவனுடைய கணக்கை எழுதாமல் வேலை நடக்காது.

வீட்டில் முதல் உலகப்போர் மெடல் இருந்தால், மன்னர் தலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். விளிம்பைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிப் படியுங்கள். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று பொடி எழுத்தில் பதிந்திருக்கும். சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர் ஆகியோரைப் ‘படையோடு போனவர்கள்’ என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்குப் பதில் அவர்களுக்கு வெண்கலத்தில் போர் மெடல் கொடுத்தார்கள். அந்த வெண்கலத்தின் விளிம்பிலும் பெயர் உண்டு.

போரில் இறந்தவர் என்றால் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பாஸ்ராவில் கல்லில் விடப்பட்டவர்களையும் அங்கே பெயர் போட்டுத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் வரை இருக்கும். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், முனுசாமியை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். மாவட்டத்தையும் செங்கல்பட்டு, வட ஆற்காடு, இராமநாதபுரம் என்று பழைய கணக்கில்தான் தேட வேண்டும். ஒரே முயற்சியில் கிடைக்கவில்லை என்பதை ஆவணமே இல்லை என்று மாற்றிச் சொல்பவர்கள்தான் அதிகம்.

உயிரோடு திரும்பியவர் என்றால் வழி கொஞ்சம் நீளம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்களின் வழிவந்த பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூருவிலும் தலைமையிடம் இருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஓய்வூதியப் புத்தகத்திலோ மெடலிலோ உள்ள படை எண்ணோடு கேட்டால்தான் அங்கே தேட முடியும். அழிந்துபோன பதிவுகள் உண்டு. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடாது. தேடிக் கிடைக்காமல் போவது வேறு, தேடாமலே கைவிடுவது வேறு.

“வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவரைத் தேடி என்ன பெருமை?” என்பார்கள். பெருமைக்காக மட்டும் தேடுவது குடும்ப வரலாறு ஆகாது. அவர் ஏன் போனார், வறுமையா, சாதிக் கொடுமையிலிருந்து தப்பவா, உள்ளூர்ப் பண்ணையாரின் நெருக்கடியா என்று கேட்கவாவது அவர் எங்கே போனார் என்று தெரிய வேண்டாமா? மெட்ராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடிமேல் விழுந்து, தன்னுடன் இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. அந்தச் செயலை ‘வெள்ளைக்காரனுக்கு உழைத்தது’ என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிட முடியுமா?

வெள்ளைக்காரன் பக்கம், நாட்டின் பக்கம் என்று பிரிக்கும் கோடும் அவ்வளவு நேரானதல்ல. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாய்கள் பலர் பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் போர்க் கைதிகளாகவே இருந்தார்கள். ஒரே ஆளின் வாழ்க்கை இரண்டு படைகளின் தாள்களிலும் இருக்கலாம். தாளைப் பார்க்காத குடும்பங்கள் ஒன்று தாத்தாவை நேதாஜியின் வலது கை ஆக்குகின்றன, அல்லது அவரைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுகின்றன.

ஒவ்வொரு நினைவுக்கல்லுக்கும் பக்கத்தில், அந்த ஊரிலிருந்து போனவர்களின் பெயர்ப் பலகையை ஊராட்சி வைக்க வேண்டும். மாவட்ட அலுவலகங்களில் உள்ள பழைய பதிவேடுகளை அரசு கணினியில் ஏற்றி மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். வீட்டுக்காரர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. இரண்டாம் உலகப்போருக்குப் போனவர்களின் பிள்ளைகளே இன்று தள்ளாத வயதில் இருக்கிறார்கள். தகப்பன் எந்தப் பட்டாளத்தில் இருந்தார், எந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை இன்று உட்காரவைத்துக் கேட்காதவர்களுக்கு, நாளை ஆவணம் இல்லை என்று சொல்லும் உரிமை கிடையாது.