32 கிளிக்கை வெச்சிக்கிட்டு மாத்தூர்ல என்ன பண்ணப் போறீங்க?

மக்களே, இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா தொண்டையில சிக்கிக்கிட்டிருந்த ஒரு மேட்டரை இங்க இறக்கி வெச்சிடறேன். கார் பதிவு பிடிக்காதவங்க அப்படியே நகரலாம். ஆனா நகர்றதுக்கு முன்னாடி ஒண்ணு, இது காரை விட பிரேக் பத்தின பதிவு, பிரேக்கை விட உசிர் பத்தின பதிவு.

நம்ம பொட்டி தட்டுற கும்பல்ல கொஞ்சம் வேகமான கார் வெச்சிருக்கிறவங்க கிட்ட ஒரு வியாதி இருக்கு. போலோ டி.எஸ்.ஐ., ஃபியஸ்டா 1.6 எஸ், 2021ல வந்த ஐ20 என் லைன், எதுவா வேணா இருக்கட்டும். போனஸ் வந்தவுடனே அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர் வாங்கணும். எதை வாங்கறதுன்னு கேட்டா ஒரே அளவுகோல்தான்: எத்தனை கிளிக்? 16 வெச்சிருக்கிறவர் 24ஐ பார்த்து ஏங்கறார், 24 வெச்சிருக்கிறவர் 32ஐ பார்த்து ஏங்கறார். மாட்டினதும் முதல் வேலை, குமிழை கடைசி வரைக்கும் திருகி ஃபுல் ஹார்டுல வெக்கறது. ரெண்டாவது வேலை, காரை ரெண்டு இஞ்ச் கீழே இறக்கறது. மூணாவது, ஃபோட்டோ :-)

என் கட்சி இதுதான். கிளிக் எண்ணிக்கை பார்த்து ஷாக் வாங்கறது, பட்டன் எண்ணிக்கை பார்த்து சட்டை வாங்கற மாதிரி. நாம ஓட்டற ரோட்டுக்கு கம்பெனி உயரம் போதும், ரீபவுண்டை மட்டும் மாத்தற ஒரே ஒரு குமிழ் போதும். மிச்சமெல்லாம் ஜிகினா. அந்த ஜிகினாவை ஃபுல் ஹார்டுல திருகி வெச்சா ஆபத்தும் கூட.

ஏன்னு சொல்றேன். ஷாக் அப்சார்பர்ங்கற பேரே தப்பு. அதிர்ச்சியை வாங்கிக்கறது ஸ்பிரிங். வாங்கிக்கிட்டு மேலேயும் கீழேயும் ஆடிக்கிட்டே இருக்கும். எண்ணெயை சின்னச் சின்ன துளை வழியா பிதுக்கி அந்த ஆட்டத்தை அடக்கறதுதான் ஷாக்கோட வேலை. சக்கரம் மேல ஏறும்போது ஒரு தடை, அதுக்குப் பேர் பம்ப். ஸ்பிரிங் திரும்ப விரிஞ்சு சக்கரம் கீழ இறங்கும்போது இன்னொரு தடை, அதுதான் ரீபவுண்டு.

ஒரு சின்ன கணக்கு. ஒரு சக்கரத்து மேல 300 கிலோ பாரம், சக்கரத்துல அளந்தா ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்னு வெச்சுக்குங்க. பாடி நொடிக்கு சுமார் 1.3 தடவை ஆடும். ஸ்பிரிங்கை ரெண்டு மடங்கு இறுக்கமாக்கினா அது 1.8 ஆகும். அதை அடக்கத் தேவையான டேம்பிங் ரெண்டு மடங்கு இல்ல, 1.4 மடங்குதான். (வர்க்கமூலம் சாமி. அரியர் வெச்சு பாஸ் பண்ணவங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.) ஸ்பிரிங்கே இவ்வளவுதான் கேக்குதுன்னா, பழைய ஸ்பிரிங்கை அப்படியே விட்டுட்டு ஷாக்கை மட்டும் கடைசி கிளிக் வரைக்கும் இறுக்கறது யாருக்காக?

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். மாத்தூர்ல இருந்து மாதவரம் 200 அடி ரோடு பக்கமோ, மணலி, சாத்தங்காடு வழியா எண்ணூர் பக்கமோ வண்டி எடுத்துப் பாருங்க. சென்னை துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, மூணுக்கும் போற கன்டெய்னர் ட்ரெய்லருங்க நம்ம பக்கம்தான். அந்த பாரம் பிரேக் அடிக்கற இடத்துல எல்லாம் தார் தள்ளிக்கிட்டுப் போய் அலை அலையா நிக்கும். கவனிங்க, பிரேக் அடிக்கற இடத்துல. அதாவது சிக்னலுக்கு முன்னாடி. அதாவது நீங்களும் பிரேக் அடிச்சே ஆகணும்ங்கற இடத்துல.

அலைக்கு அலை ஒரு மீட்டர்னு வெச்சுக்குவோம். 40 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 11 மீட்டர், அப்போ நொடிக்கு 11 அடி விழுது. சக்கரம் தானா துள்ளற வேகமும் ஏறக்குறைய நொடிக்கு 10லேருந்து 15 தடவைதான். ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்னு சொல்ல வேணாம். ரீபவுண்டு அளவுக்கு மீறி இறுக்கமா இருந்தா, முதல் அலை சக்கரத்தை மேல தள்ளும், அது கீழ இறங்கறதுக்குள்ள ரெண்டாவது அலை வந்துடும், அப்புறம் மூணாவது. ஸ்பிரிங் விரியவே நேரம் கிடைக்காம கார் கொஞ்சம் கொஞ்சமா தானே அமுங்கி பம்ப் ஸ்டாப் ரப்பர் மேல போய் உக்காந்துடும். அதுக்கப்புறம் டயர் ஒவ்வொரு அலை முகட்டையும் மட்டும் தொட்டுட்டு பறக்கும். காத்துல இருக்கற டயர் பிரேக் பிடிக்காது. ஏ.பி.எஸ்.ஸும் சக்கரம் லாக் ஆகுதுன்னு நினைச்சு பிரேக்கை விட்டு விட்டுத்தான் பிடிக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. கூட வேலை செய்யற நண்பர் ஒருத்தர் (பேர் வேணாம், பாவம்) லட்சத்துக்கு மேல கொட்டி ஒரு செட் மாட்டினார். ஃபுல் ஹார்டு, ரெண்டு இஞ்ச் இறக்கம், எல்லா சம்பிரதாயமும் உண்டு. 200 அடி ரோட்டுல முன்னாடி போன ட்ரெய்லர் நின்னுது, இவர் அடிச்சார், ஏ.பி.எஸ். டகடகன்னு அடிச்சுக்கிட்டே போய், பின்னாடி நீட்டிக்கிட்டிருந்த இரும்புக்கு ஒரு முழம் தள்ளி நின்னார். மறுநாள் உயரத்தை பழையபடி ஏத்தி, முன்னாடியும் பின்னாடியும் பாதி கிளிக்கை தளர்த்தி, அதே இடத்துல அதே வேகத்துல காலியான நேரத்துல பிரேக் அடிச்சுப் பார்த்தோம். சத்தமே இல்லாம நின்னுது. ஒரு பைசா செலவு இல்ல.

"அப்போ ரேஸ் கார் மட்டும் ஏன் இறுக்கமா, தாழ்வா இருக்கு?"ன்னு ஒருத்தர் வருவார். எனக்குத் தெரியும். அய்யா, 1990லேருந்து ரேஸ் நடக்கற இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கிலோமீட்டர் வழவழன்னு போட்ட தார். அங்க நம்ம ஊர் வேகத்தடை கிடையாது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடைன்னா 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகத்துல தாண்டற மாதிரி. நம்ம தெருவுல இருக்கறது படுத்துக்கிட்டிருக்கிற பனைமரம். அமுங்கறதுக்கு 8 சென்டிமீட்டர் இருக்கற கார்ல நீங்க ரெண்டு இஞ்ச் இறக்கினா மிச்சம் 3. அந்த 3 சென்டிமீட்டர்ல 32 கிளிக்கும் சேர்ந்து என்னத்தைக் கிழிக்கும்?

காப்பி அடிக்கணும்னா ராலி காரைப் பார்த்து அடிங்க. கௌரவ் கில் 2013, 2016, 2017ல ஆசிய பசிபிக் ராலி சாம்பியன். மண் ரோட்டு ராலி கார் எல்லாம் உயரமா, சக்கரம் நிறைய மேல கீழ போற மாதிரிதான் இருக்கும். ரோட்டு கார்லயும் லோட்டஸ் கம்பெனி காலின் சாப்மன் 1962ல எலான் காருக்கு மெத்துனு ஸ்பிரிங் போட்டு, ஆட்டத்தை அடக்கற வேலையை ஷாக்கிட்ட விட்டார். வளைவுல அந்த கார் எப்படிப் போகும்ங்கறதுக்கு இன்னிக்கும் அதைத்தான் உதாரணம் காட்டறாங்க.

அடுத்து கிளிக் மர்மம். குமிழைத் திருகினா பெரும்பாலும் உள்ள ஒரு ஊசி நகர்ந்து சின்ன வழி ஒண்ணு திறக்கும், மூடும். கார் சாயறது, பிரேக்ல மூக்கு குத்தறது மாதிரி மெதுவான அசைவுக்குத்தான் அந்த வழி. பள்ளத்துல தடால்னு விழும்போது எண்ணெய் பெரிய வால்வைத் திறந்துக்கிட்டுப் போயிடும், கிளிக்குக்கு அங்க பெரிய மரியாதை இல்ல. மலிவு செட்டுல இன்னொரு வேடிக்கை, பல செட்ல ஒரே குமிழ் பம்ப், ரீபவுண்டு ரெண்டையும் சேர்த்து இறுக்கும். வளைவுல சாய்வு குறையணும்னு திருகினா பள்ளத்துல முதுகெலும்புக்கும் பங்கு வரும். ஹாலந்துக்கார கோனி மஞ்சள் ஷாக்ல பம்பை கம்பெனியே நிர்ணயிச்சுட்டு ரீபவுண்டை மட்டும்தான் நம்ம கையில கொடுக்கறான். அவனுக்கு 32 கிளிக் போடத் தெரியாதா என்ன?

அதனால, வாங்கியே ஆகணும்ங்கறவங்களுக்கு:

1. முதல்ல டயர், காத்தழுத்தம், புஷ், ஷாக் மேல் மவுன்ட் பாருங்க. கிழிஞ்ச புஷ்ஷை எந்த கிளிக்கும் தைக்காது.

2. ஸ்பிரிங் எதுன்னு முடிவு பண்ணிட்டு அதுக்குப் பொருத்தமான ஷாக் தேடுங்க. தலைகீழா வேணாம்.

3. விக்கறவர் கிட்ட ஒவ்வொரு செட்டிங்குக்கும் வேகம், விசை வரைபடம் கேளுங்க. இடது வலது ரெண்டு ஷாக்கும் ஒரே கிளிக்ல ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. வரைபடமே இல்லைன்னா அவர் விக்கறது குமிழ் மட்டும்தான்.

4. மோனோட்யூப்ல எண்ணெய் சூடானாலும் நுரைக்கறது கம்மி. ஆனா ஜல்லி தெறிச்சு வெளிக்குழாய் நசுங்கினா பிஸ்டன் சிக்கிடும். நம்ம ரோட்டுல இதையும் யோசிங்க.

5. சீல் போனா இங்கேயே பிரிச்சு சரி பண்ண ஆள் இருக்கான்னு முன்னாடியே விசாரிங்க.

மாட்டினப்புறம் முழுசா தளர்த்திட்டு அங்கேருந்து ரெண்டு ரெண்டு கிளிக்கா ஏத்துங்க. அதே ரோடு, அதே வேகம், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், ஒரு நோட்டுல தேதியோட குறிப்பு. ஆபீஸ்ல ஒரே நேரத்துல நாலு ஃபைலை மாத்திட்டு பக் எங்கேன்னு தேடறவனைத் திட்டற நாமதான், கார்ல நாலு குமிழையும் ஒண்ணாத் திருகறோம்.

மாசத்துக்கு ஒரு நாள் ட்ராக்குக்கும் போறேன், மிச்ச நாள் மாத்தூர்லதான்னு சொல்றவங்களுக்கு அட்ஜஸ்டர் நிஜமாவே வேணும். அங்க போய் நாலு கிளிக் இறுக்குங்க, சாயங்காலம் கிளம்பும்போது மறக்காம தளர்த்துங்க. ட்ராக் பக்கமே போகாதவங்க, 32ல எந்தெந்த கிளிக்கை எப்போ, எதுக்காக மாத்தினீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ரெண்டு கிளிக்குக்கு மேல கணக்கு காட்டறவங்களுக்கு மணலி மார்க்கெட் பக்கம் டீ என் செலவு.

டிஸ்கி: உயரத்தைக் குறைக்கப் போறவங்க மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும், வண்டி மாற்றங்கள் பத்தி 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்னதையும் ஒரு தடவை படிச்சிடுங்க. அப்புறம் வந்து கும்மி அடிங்க.