காலி இடமா, கோடா?

கம்ப்யூட்டர் காரியாலயத்தில் வேலை பார்க்கும் மகளோ மருமகளோ உங்கள் வீட்டில் இருந்தால், "உள்ளே போக அனுமதி இல்லை என்கிறதம்மா! காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன்" என்ற புலம்பல் ஒரு தடவையாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். வாசகிகளில் சிலர் தாங்களே அப்படி உட்கார்ந்திருந்தும் இருப்பீர்கள். பெயர் சரி, கடவுச்சொல் சரி, நேற்றே உத்தரவும் போட்டாகிவிட்டது. ஆனாலும் யந்திரம் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. அதற்கு நம்மேல் என்ன கோபம்?

கோபம் ஒன்றுமில்லை. வாசலில் நிற்கிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் பெயர் அவர் பார்க்கிற விதத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பட்டியலின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கணக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கல்யாணத்துக்கு அழைப்புப் பட்டியல் போட்ட அனுபவம் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி ராஜ்யத்திலுள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில், 1969-ஆம் வருஷம், கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். ஒரு கம்ப்யூட்டரைப் பலர் ஒரே சமயத்தில் உபயோகிக்கலாம், ஒருவர் சாமானை இன்னொருவர் தொட முடியாது என்பது அதன் சௌகரியம். பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு இருப்பதைப் போல. இன்று உலகமெங்கும் ஓடும் லினக்ஸ் முதலியவை இந்தக் குடும்பத்து வழிவந்தவைதாம்.

ஒரு யந்திரம் இருந்தவரை யார் யார் உள்ளே வரலாம் என்று எழுதி வைப்பது சுலபமாக இருந்தது. பத்து யந்திரம், நூறு யந்திரம் என்று பெருகிய பிறகுதான் வந்தது தொல்லை. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் நூறு இடத்தில் பெயர் எழுத வேண்டும். அவர் வேலையை விட்டுப் போனால் நூறு இடத்திலும் அடிக்க வேண்டும். தொண்ணூற்றொன்பதில் அடித்துவிட்டு ஒன்றை மறந்தால், அந்த ஒன்று திறந்த கொல்லைக் கதவு!

கலிபோர்னியாவில் 1982-இல் தொடங்கிய ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் என்ற கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டது. அதை ஸ்தாபித்த நால்வரில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த வினோத் கோஸ்லா. பட்டியல்களையெல்லாம் ஒரே யந்திரத்தில் வைத்துவிடுவது, மற்ற யந்திரங்கள் வேண்டும்போது அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று ஏற்பாடு செய்தார்கள். அதற்கு "எல்லோ பேஜஸ்", அதாவது மஞ்சள் பக்கங்கள் என்று பெயரும் சூட்டினார்கள். அந்தப் பெயர் எங்கள் வியாபாரச் சின்னம் என்று பிரிட்டிஷ் டெலிகாம் உரிமை கொண்டாடவே, என்.ஐ.எஸ். என்று மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஆனாலும் அதன் கட்டளைகள் பலவும் இன்றுவரை "ஒய்.பி." என்றே ஆரம்பமாகின்றன. பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் கொடுத்தாலும் வீட்டில் கூப்பிடும் பெயர் மாறுவதில்லை அல்லவா?

அந்த ஏற்பாட்டில் வந்த ஒரு பட்டியல்தான் நமது கதாநாயகி. அதன் பெயர் நெட்குரூப்.

கல்யாணப் பட்டியலில் "பெரியம்மா கொடுத்த ஜாபிதாவில் உள்ளபடி" என்று ஒரே வரி எழுதி, முப்பது குடும்பத்தை அதில் அடக்கிவிடுகிறோம். நெட்குரூப்பும் அப்படித்தான். ஒரு குழுவுக்குள் நேராக ஆட்களையும் எழுதலாம். இன்னொரு குழுவின் பெயரையும் எழுதலாம். அந்தக் குழுவுக்குள் வேறொரு குழு இருக்கலாம். என்.ஐ.எஸ். ஏற்பாட்டில் ஒரு பதிவுக்கு 1024 எழுத்துக்குமேல் இடம் கிடையாது. ஆகவே பெரிய பட்டியலைச் சிறு குழுக்களாகப் பிரிப்பது சௌகரியம் மட்டுமல்ல, கட்டாயமும் ஆயிற்று.

நேராக எழுதும் ஒவ்வொரு பதிவிலும் மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது யந்திரத்தின் பெயர். இரண்டாவது ஆளின் பெயர். மூன்றாவது அவர்கள் சேர்ந்த வட்டாரத்தின் பெயர். காவேரி என்று ஒரு யந்திரமும் கமலா என்று ஒரு பெண்ணும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (காவேரி, கமலா, ) என்று எழுதினால் காவேரி யந்திரத்தில் கமலா என்று பொருள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், பார்த்தீர்களா? அந்தக் காலி இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

காலியாக விட்டால் "யாரும் இல்லை" என்றுதானே நாம் நினைப்போம்? யந்திரத்தின் பாஷையில் அதற்கு நேர்மாறான அர்த்தம். காலி என்றால் "எதுவானாலும் சரி." நம் அழைப்பிதழில் "சுற்றமும் நட்பும் சூழ" என்று போடுகிறோமே, அதைப் போல. யாரும் கூடாது என்றால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட வேண்டும்.

இந்தச் சின்னக் கோட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். காரியாலயத்தில் உள்ள யந்திரங்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள். காவேரி, வைகை, பொருநை என்று யந்திரங்களின் பெயரை முதல் கட்டத்தில் எழுதி, ஆள் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். யந்திரப் பட்டியல்தானே, ஆளுக்கு என்ன வேலை? பின்னொரு நாள் வேறொருவர், அதே பட்டியலை ஆட்கள் பட்டியல் என்று எண்ணி, "இந்தக் குழுவில் உள்ளவர்களுக்கு முழு அதிகாரம்" என்று ஒரு விதி எழுதிவிடுகிறார். யந்திரம் என்ன கேட்கும்? "கமலா இந்தக் குழுவில் இருக்கிறாளா?" என்று ஆளை மட்டும் கேட்கும். ஆள் கட்டம் காலி, எவரானாலும் சரி. ஆகவே பதில்: இருக்கிறாள். கமலா மட்டுமா? நேற்றுச் சேர்ந்த பையனும் இருக்கிறான், வாசல் கூர்க்காவும் இருக்கிறார். உக்கிராண அறைச் சாவியை ஊர் பொதுவில் மாட்டி வைத்த கதைதான். (காவேரி, -, ) என்று ஒரு கோடு போட்டிருந்தால் இந்த வம்பு வந்திராது.

சரி, ஒருவர் குழுவில் இருக்கிறாரா என்று பார்ப்பது எப்படி? இரண்டு வழி உண்டு. பட்டியலையே கண்ணால் பார்க்க வேண்டுமானால், "கெட்என்ட் நெட்குரூப்" என்ற கட்டளையோடு குழுவின் பெயரைக் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் குழுக்களையெல்லாம் பிரித்து, மூன்று மூன்று பெயராக வரிசையாகக் காட்டிவிடும். இது மனிதர்களுக்கான வழி. புரோகிராம்கள் கேட்கும் வழி வேறு. "இன்நெட்ஜிஆர்" என்று ஒரு கேள்வி இருக்கிறது. குழு, யந்திரம், ஆள், வட்டாரம் என்று நான்கையும் கொடுத்தால், இருந்தால் 1 என்றும் இல்லாவிட்டால் 0 என்றும் பதில் வரும்.

இந்த 0 இருக்கிறதே, அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள்! "பட்டியலைப் பார்த்தேன், கமலா அதில் இல்லை" என்றாலும் 0. "பட்டியல் வைத்திருக்கும் யந்திரம் பேசவே இல்லை, என்னால் பார்க்க முடியவில்லை" என்றாலும் அதே 0. சம்பந்தி வீட்டில் "இல்லை" என்று பதில் வந்தால், பெண் இல்லையா, வீட்டில் ஆள் இல்லையா என்று தெரியாமல் முழிப்பதைப் போலத்தான்.

உள்ளே விட வேண்டியவர்களின் பட்டியல் என்றால் இதனால் பெரிய ஆபத்து இல்லை. கமலா வெளியே நிற்பாள், திட்டுவாள், யாராவது வந்து சரி செய்வார்கள். உள்ளே விடக் கூடாதவர்களின் பட்டியல் என்றால்? "இந்தக் குழுவில் இருப்பவரைத் தடு" என்று விதி. பட்டியல் கிடைக்கவில்லை; பதில் 0; அதாவது குழுவில் இல்லை; ஆகவே தாராளமாக வரலாம்! பட்டியல் தொலைந்த அன்று எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், தடுக்க வேண்டியவர்களை எழுதாமல், அனுமதிக்க வேண்டியவர்களையே எழுதி வைப்பார்கள்.

இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. கமலா வேலையை விட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் எந்தெந்தக் குழுவில் இருந்தாள் என்று தெரிந்தால்தானே எல்லாவற்றிலும் அடிக்கலாம்? சாதாரணக் குழுக்களுக்கு "ஐடி" என்று ஒரு கட்டளை உண்டு. ஆளின் பெயரைச் சொன்னால் அவர் சேர்ந்த குழுக்களைச் சொல்லிவிடும். ஆனால் நெட்குரூப் அதில் தென்படவே படாது. "கெட்என்ட்" கட்டளையிடம் எல்லா நெட்குரூப்பையும் காட்டு என்றால் முடியாது என்று கையை விரித்துவிடும். ஒவ்வொரு குழுவின் பெயரும் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரியம்மாவிடம் "எந்தெந்தக் கல்யாணத்துக்கு என்னை அழைத்தார்கள்?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஒவ்வொரு வீட்டுப் பட்டியலையும் அல்லவா எடுத்துப் பார்க்க வேண்டும்!

இதை ஸன் கம்பெனியாரும் யோசித்திருக்கிறார்கள். அவர்கள் ஏற்பாட்டில், ஆள் வாரியாக ஒன்று, யந்திர வாரியாக ஒன்று என்று திருப்பிப் போட்ட இரண்டு பட்டியல்கள் தனியாகத் தயாராகிவிடும். ஆளின் பெயரைச் சொன்னால் குழுக்கள் வந்துவிடும். பிற்பாடு வந்த ஏற்பாடுகளில் இந்தச் சௌகரியம் அப்படியே தொடர்ந்து வரவில்லை. கேட்டுத் தேடிப் பொறுக்கத்தான் வேண்டும்.

ஏனென்றால் என்.ஐ.எஸ். மெல்ல ஓய்வு பெற்றுவிட்டது. எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பின காலத்துப் பெண் அது. உருமாற்றி வைத்த கடவுச்சொற்களைக்கூட, நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் கேட்டு வாங்கிவிடலாம் என்பது அதன் குறை. அதிலிருந்த பட்டியல்களை எல்டாப் என்ற புது ஏற்பாட்டில் எப்படி எழுதி வைப்பது என்று 1998-இல் ஒரு முறை வகுத்தார்கள். நெட்குரூப்பும் அதில் இடம் பெற்றது. ரெட் ஹாட் கம்பெனியின் லினக்ஸ் 9-ஆம் பதிப்பு 2022-இல் வந்தபோது என்.ஐ.எஸ். அதில் இல்லை. ஸன் கம்பெனியையே 2010-இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. வீடு கைமாறியும், பழைய வீட்டுப் பட்டியலை மட்டும் புது வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

புலம்பிக்கொண்டு வரும் பெண்ணுக்கு நீங்கள் சொல்வதற்கு மூன்று விஷயங்கள் தருகிறேன். முதலாவது, யந்திரத்தின் பெயரைச் சரி பார்க்கட்டும். பட்டியலில் காவேரி என்று சுருக்கமாக எழுதி, யந்திரம் தன்னை முழு விலாசத்தோடு சொல்லிக்கொண்டால், இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது, பெயரைச் சேர்த்த பிறகு கொஞ்சம் பொறுக்கட்டும். எஸ்.எஸ்.எஸ்.டி. என்ற இடைத்தரகர், ஒரு தடவை கேட்ட பதிலை, வேறு உத்தரவு இல்லாவிட்டால் 5400 வினாடி, அதாவது ஒன்றரை மணி நேரம் ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஞாபகத்தை அழிக்கவும் கட்டளை உண்டு. மூன்றாவது, "ஐடி" கட்டளையில் குழுவைக் காணோம் என்று அழ வேண்டாம். அது பார்க்கிற இடம் வேறு.

அதே ஒன்றரை மணி நேரத்தை மறுபக்கமும் எண்ணிப் பாருங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் பெயரைப் பட்டியலில் அடித்த பிறகும், பழைய ஞாபகத்தில் அவருக்குக் கதவு திறக்கலாம். பட்டியலைக் காப்பவர் பெயரை அடித்தால் மட்டும் போதாது. அடித்தது எல்லா வாசலுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பார்க்கவும் வேண்டும்.

பட்டியல் எழுதுவது சின்ன வேலை என்று ஆண்பிள்ளைகள் சொல்வதுண்டு. ஒரு பெயர் விட்டுப்போனால் எத்தனை வருஷத்து மனஸ்தாபம் வரும் என்பது நமக்கல்லவா தெரியும்! கம்ப்யூட்டர் உலகத்திலும் அப்படித்தான். அங்கே ஒரு பெயரை விட்டால் ஒருத்தி வெளியே நிற்கிறாள். ஒரு கோட்டை விட்டாலோ, ஊரே உள்ளே வந்துவிடுகிறது.